விசாரிக்கப் போகிற அக்கா

எங்கள் தெருவில் அவர் நடந்து வந்தால் முதலில் குடை வரும், பிறகு பிளாஸ்டிக் கூடை வரும், அதற்குப் பிறகுதான் அவர். மழையோ வெயிலோ இல்லாவிட்டாலும் குடை உண்டு. அதை விரித்து நான் பார்த்ததில்லை. யார் வீட்டு வாசலிலாவது நின்று பேச்சைத் தொடங்கும்போது அதைத் தரையில் ஊன்றி, பிடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொள்வார். குடை ஊன்றியாயிற்று என்றால் அரைமணி நேரத்துக்கு அந்த வீட்டுக்காரர்களுக்கு வேறு வேலை ஓடாது.

பேரை எழுத வேண்டாம் என்று அவர் மகள் சொல்லிவிட்டாள். சரி, எழுதவில்லை. நாங்கள் முகத்துக்கு முன்னால் அக்கா என்போம், முதுகுக்குப் பின்னால் சி.ஐ.டி. என்போம். இரண்டும் அவருக்குத் தெரியும். அவர் காலமாகி இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்போடு புத்தகத்தை மூடினவன். கருங்கல் சுமந்தேன், மணல் அள்ளினேன், ஓர் அச்சை வாடகைக்கு எடுத்து ஓலைக் கொட்டகையில் சிமெண்ட் கல் அடித்தேன். இன்றைக்குத் திங்கள்சந்தையிலிருந்து குளச்சல் போகிற ரோட்டில் நீங்கள் பார்க்கும் மதில்களில் பாதி என் கம்பெனிக் கல். மீதிப் பாதியில் விரிசல் விட்டிருக்கும், பார்த்தாலே தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தம் வந்தால் மற்றதெல்லாம் அவரவர் சாமிக்கும் சபைக்கும் ஏற்றபடி நடக்கும். ஆனால் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. பேச்சை முடிக்கும் முன்னால் மாப்பிள்ளையின் ஊருக்கு ஓர் ஆளை அனுப்பி விசாரிப்பது. அந்த ஆள்தான் இந்த அக்கா. தரகர் இல்லை. தரகர் கல்யாணம் நடந்தால் காசு வாங்குவார். இவருக்கு நடந்தாலும் ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான். பஸ் காசும், திரும்பி வந்ததும் மீன்குழம்போடு ஒரு சாப்பாடும் போதும். உண்மையைச் சொன்னால் அதுகூட வேண்டாம். விசாரிக்க விட்டாலே போதும், அவ்வளவு ஆசை அவருக்கு.

அவர் விசாரிக்கிற விதமே தனி. மாப்பிள்ளை எப்படி என்று யாரிடமும் கேட்க மாட்டார். அப்படிக் கேட்டால் எல்லோரும் நல்லவன் என்றுதான் சொல்வார்கள் என்பார். சாயாக்கடையில் உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா ஒன்றை ஆற்றி ஆற்றிக் குடிப்பார். மீன் விற்கிறவளிடம், அந்த வீட்டில் யார் பேரம் பேசுகிறார்கள் என்று கேட்பார். அந்த வீட்டின் மூத்த மருமகள் எந்தக் குழாயடிக்கு வருவாள் என்று தெரிந்துகொண்டு அங்கே போய் நிற்பார். கடைசியாக அந்த வீட்டு வாசலிலேயே போய் நின்று, "கொஞ்சம் வெள்ளம் தாருங்க மக்கா" என்பார். குடிக்கிற தண்ணீரைத்தான் எங்கள் பக்கம் வெள்ளம் என்போம்.

அந்தத் தண்ணீரில்தான் அவருடைய முழு வித்தையும் இருந்தது. யார் கொண்டு வருகிறார்கள், எவ்வளவு நேரத்தில், எந்தப் பாத்திரத்தில் என்று பார்ப்பார். நல்ல தம்ளரைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொண்டு வருகிற வீடு, ஆளுக்கேற்ற முகம் காட்டுகிற வீடு. நடந்து வந்தவளை நிற்க வைத்துவிட்டு எந்த ஊர், என்ன காரியம் என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுக்கிற வீடு, கணக்குப் பார்க்கிற வீடு. கேட்டவுடன் கையில் கிடைத்ததில் மொண்டு தருகிற வீட்டில் பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். இது அவர் சட்டம்.

என்னிடம் அவர் முதன்முதல் வந்தது மதில் கட்டக் கல் கேட்டு. நான் பெரிய கம்பெனிகளின் இன்ஜினியர்களுக்கே விளக்கம் சொல்கிறவன். கல்லின் பலம், நான் போடுகிற கலவை, தண்ணீர் ஊற்றி ஊற வைக்கிற நாள் எல்லாவற்றையும் அவருக்கும் எடுத்துச் சொன்னேன். அவர் கல்லைத் திரும்பியே பார்க்கவில்லை. குடையை ஊன்றி நின்று, கல் அடித்துக்கொண்டிருந்த தொழிலாளியிடம், "மக்கா, ஒனக்க மொதலாளி சாயா எப்பம் தருவாரு?" என்று கேட்டார். பத்து மணிக்கு என்றான் அவன். ஒருநாளாவது முடங்கியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான். அப்படியானால் ஒரு லோடு இறக்குங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. தொழிலாளிக்குச் சாயா கொடுப்பதை ஒரு பெருமையாக நான் நினைத்ததே இல்லை. என் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கல்யாணங்கள் குறைந்து, பிள்ளைகள் எல்லாம் படித்து முடித்து வேலை தேடத் தொடங்கிய காலத்தில் அக்காவின் விசாரணையும் அந்தப் பக்கம் திரும்பியது. யாரும் கூப்பிட்டுத் திரும்பவில்லை, தானாகவே திரும்பினார். எதிர்வீட்டுப் பெண் போனில் ஒரு வேலை வந்திருக்கிறது, வீட்டிலிருந்தே வீடியோ பார்த்து லைக் விரலை அமுக்கினால் போதும், அதற்குப் பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா கேட்டார்: "ஏட்டி, நீ சம்பளம் வாங்கப் போறியா, குடுக்கப் போறியா?" அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் அந்த நம்பரையே காணவில்லை என்று அவளே வந்து சொன்னாள். அதற்குப் பிறகு தெருவில் யாருக்கு வேலைக்கு அழைப்பு வந்தாலும் அக்காவுக்கு மூக்கில் வாசனை அடித்துவிடும்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் இளைய மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். கல் கம்பெனியைப் பார்த்துக்கொள் என்றால் தூசி ஒத்துக்கொள்ளாது என்பான். வேலை தேடிச் சலித்துப்போயிருந்த நேரத்தில், ஒரு பையன் எங்களைத் தேடி வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கொட்டாரத்தில் ஆபீஸ். கிழக்கே ஒரு நாட்டில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களாம். டைப் அடிக்கத் தெரிந்தால் போதும். இங்கே இன்ஜினியர் வாங்குவதைவிட நாலு மடங்கு சம்பளம், தங்குமிடம் இலவசம், சாப்பாடு இலவசம். நேர்முகத் தேர்வுகூட இல்லை. சர்டிபிகேட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். சாயங்காலமே தேர்வாகிவிட்டான் என்று பதில் வந்துவிட்டது. முதலில் விசிட் விசாவில் போக வேண்டும், அங்கே போனதும் மாற்றிக்கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனான். டிக்கெட் கையில் வந்ததும் பணம் கொடுத்தால் போதும் என்றான்.

அவன் கேட்ட தொகை பெரிதுதான். ஆனால் நான் வெளிப்படையாகச் சொல்கிறேன், அந்தத் தொகையைக் கேட்டபிறகுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது. எங்கள் ஜில்லாவில் அப்படித்தான். கிளார்க் மாப்பிள்ளை கொஞ்சமாய்க் கேட்பான், டாக்டர் மாப்பிள்ளை நிறையக் கேட்பான். நிறையக் கேட்கிறவன் பெரிய இடம். சீதனம் கொடுத்துக் கொடுத்துப் பழகின ஊர் இது. வேலைக்கும் அதே தராசைத்தான் பிடித்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் பிடித்திருப்பார்கள்.

இன்னொன்று, அந்தப் பையன் என்னை அப்பா என்று கூப்பிடுவான். நான் கருங்கல் சுமந்த கதையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, நடுவில் எழுந்திருக்காமல் கேட்டவன் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான். என் மக்கள்கூடக் கேட்டதில்லை.

வெளிநாடு போகிறவர்களுக்கு எங்கள் சபையில் வழியனுப்பு ஜெபம் வைப்பது வழக்கம். நான் வைத்தால் சிறியதாக வைப்பேனா? முற்றத்தில் பந்தல் போட்டு, ஆட்டுக்கறியும் ஆப்பமும் செய்து, அந்தப் பையனையும் முன்வரிசையில் உட்கார வைத்தேன். ஜெபம் முடிந்து இலை போடுகிற நேரத்தில் அக்கா அவன் பக்கத்தில் போய்க் குடையை ஊன்றினார்.

"எந்த ஊரு மக்கா?"

"கொட்டாரம் பக்கம் அம்மா."

"யாருக்க மவன்?"

ஏதோ ஒரு பேர் சொன்னான்.

"எந்த சபை?"

"எல்லா சபைக்கும் ஒரே கர்த்தர்தானே அம்மா," என்றான் சிரித்துக்கொண்டே. சுற்றி இருந்தவர்கள் ஆமென் என்றார்கள். எனக்கும் பிடித்திருந்தது. அக்கா போய் நாலு ஆப்பம் சாப்பிட்டார்.

எல்லோரும் போனபிறகு அடுக்களை வாசலில் என்னைப் பிடித்தார். "தம்பி, ஊரைக் கேட்டா பக்கம்ங்கியான். அப்பனைக் கேட்டா வெறும் பேரு சொல்லியான், வீட்டுப்பேரு சொல்லல்ல. சபையைக் கேட்டா பிரசங்கம் செய்யியான். இவனை நீ விசாரிச்சியா?"

பெண் பார்க்க வந்தீர்களா, இது வேலை என்று நான் கத்தினேன். எவ்வளவு பெரிய தொகை கேட்கிறான், சில்லறைக் கம்பெனிக்காரன் இவ்வளவு கேட்பானா என்றும் சொன்னேன்.

"சீதனம் கேக்கிய மாப்பிள்ளைகூட பெண்ணை ஒருக்கா பாத்துட்டுத்தான் கேப்பான். அந்தக் கம்பெனிக்காரன் ஒனக்க பயலுக்க மூஞ்சியப் பாத்தானா? மெஷின் படிச்சவனை டைப்படிக்க விளிக்கியான். அந்த நாட்டுல டைப்படிக்க ஆளு இல்லியா?"

என் வீட்டுக்காரி அதுவரை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"கல்யாணம் சரியில்லேண்ணா பெண்ணு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துருவா தம்பி. இவன் அங்கேருந்து எந்த பஸ்ஸு ஏறுவான்?"

உள்ளே இளையவன் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த வாரக் கடைசியில் விமானம்.

மறுநாள் காலையில் என் காரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன். ஏறுங்கள், கொட்டாரம் போவோம், நீங்களே கண்ணால் பாருங்கள் என்றேன். அவர் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அவர் என்னவோ கல்யாண வீட்டுக்குப் போவதுபோல, கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு தயாராக நின்றார். நான் வருவேன் என்று தெரியுமாம்.

கொட்டாரத்தில் கடைத்தெருவைத் தாண்டி, வயல் தொடங்குகிற இடத்தில், பூட்டிக் கிடந்த ஒரு கடைக்கு மேலே மாடியில் அந்த ஆபீஸ். பளபளவென்று பிளக்ஸ் போர்டு. நான் இறங்கப் போனேன். "நீ வண்டியிலேயே இரு. வந்தா பேசுவே," என்றார். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் இருந்தேன்.

எதிர்ச் சாயாக்கடையில் அவர் கட்டன்சாயாவை ஆற்றுவதையும், மாடியைப் பெருக்குகிற பெண்ணோடு நடப்பதையும், கீழே கட்டிட உரிமையாளர் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் குடிப்பதையும் வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து சொன்னார். ஒரு மாதத்துக்கு மட்டும் வாடகை பேசியிருக்கிறார்கள். பெருக்குகிறவளுக்கு அங்கே ஒரு மேஜையும் ஒரு நாற்காலியும் தவிரப் பெருக்க ஒன்றும் இல்லை. அந்த மாடியிலிருந்து இதுவரை ஒரு சாயாகூடக் கடையில் சொல்லவில்லை. "நாலு பேரு வந்து போற ஆபீஸ்ல சாயா குடிக்க மாட்டாங்களா தம்பி?"

போர்டில் அரசாங்கம் கொடுத்த லைசென்ஸ் நம்பர் என்று ஒன்று இருந்தது. அதையும் அவர் சும்மா விடவில்லை. பக்கத்துப் பிரவுசிங் சென்டருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் எல்லோருடைய நம்பரும் அரசாங்க இணையதளத்தில் உண்டாம். அங்கே இருந்த பெண் தட்டிப் பார்த்துவிட்டு, அந்த நம்பர் வேறு மாநிலத்தில் வேறு யாருக்கோ உள்ளது என்றாள்.

அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஓலைக் கொட்டகையில் தொடங்கியபோது எனக்கு என்ன போர்டு இருந்தது, என்ன நம்பர் இருந்தது என்று கேட்டேன். சரி, அவன் அனுப்பின ஆள் யாராவது உண்டா என்றார் அக்கா. உண்டு. முட்டத்தில் ஒரு பையன் போன மழைக்கு முன்னால் போயிருக்கிறான், மாதாமாதம் லட்சாதிபதி என்று அந்த ஏஜென்ட்டே பெருமையாய்ச் சொல்லியிருந்தான். "அப்ப மூத்த மருமகளைப் பாத்திருவோம்," என்றார் அக்கா.

முட்டத்துக்குப் போகிற வழியில், எரிச்சலைத் தீர்த்துக்கொள்ள நான் ஒன்று கேட்டேன். ஊரெல்லாம் விசாரிக்கிறீர்களே, உங்கள் வீட்டுக்காரரை யார் விசாரித்தது? அவர் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்தில் காவல் வேலை பார்த்தவர். இருக்கிற இடம் தெரியாத மனிதர்.

"நான்தான். அப்பாவுக்குத் தெரியாம, கிழங்கு விக்கியவ கூடப் போனேன். சர்க்கார் வேலைண்ணு சொன்னாங்க. போய்க் கேட்டா தோட்டக் காவலு, அதும் தினக்கூலி. சரிண்ணு வாசல்ல போய் வெள்ளம் கேட்டேன். அவருக்க அம்மை சொகமில்லாம கிடந்தாவ. இவருதான் செம்போட ஓடி வந்தாரு. குடிச்சு முடிச்சதும் இன்னும் வேணுமாண்ணு கேட்டாரு." வெளியே கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன், அவங்க சொன்னது பொய்யி, ஆளு நெசம்ணு."

முட்டத்தில் அந்தப் பையனின் வீடு கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, வலைகள் காய்கிற மணலை ஒட்டி இருந்தது. அக்கா வாசலில் நின்று வெள்ளம் கேட்டு முடிப்பதற்குள் அவன் அம்மா செம்பை நீட்டிவிட்டார். நல்ல வீடு என்று எனக்கே தெரிந்தது. என் மகனும் அங்கேதான் போகிறான் என்றதும் அந்த அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் பண்ணுவானாம். கொஞ்ச நேரம்தான் பேசுவானாம், கம்பெனியில் அவ்வளவு வேலை. பாஸ்போர்ட் கம்பெனியிடம் பத்திரமாக இருக்கிறது. சம்பளத்தையும் கம்பெனியே சேர்த்து வைக்கிறது, போய்வரும்போது மொத்தமாய்த் தருவார்களாம்.

"ஆனா ஒண்ணு," என்று அந்த அம்மா சிரித்தார். "எனக்க பயலுக்குக் கண்ணு படும்ணு பயம். இந்த வேலையைப் பத்தி யாரிட்டயும் சொல்லண்டாம், நம்ம ஊருப் பயலுவ ஒருத்தனையும் இஞ்ச வர விடண்டாம்ணு எப்பளும் சொல்லியான். நீ மட்டும் நல்லாயிருந்தா போதுமாலேண்ணு நான்கூட ஏசினேன்."

அக்கா குடித்துக்கொண்டிருந்த செம்பைக் கீழே வைத்தார். மந்திரிகள் இருந்த மேடையில் மைக்கைப் பிடித்தவன் நான். இங்கே காயப்போட்ட வலையின் கண்ணை எண்ணிக்கொண்டு நின்றேன். பிறகு அக்கா மணலில் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். குடையை ஊன்றவில்லை, ஓரமாய்ப் படுக்க வைத்தார். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அவன் எதற்கு அப்படிச் சொல்கிறான் என்பதைச் சொன்னார். பங்குச் சாமியாரை வரவழைத்து, என்ன செய்ய வேண்டும் என்று பேசி முடிக்கும்வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. கலெக்டர் ஆபீஸுக்கு மனு போயிற்று. அந்தப் பையன் வந்து சேர ஒரு மீன்பிடித் தடைக்காலம் முழுக்க ஆயிற்று. பூட்டிய கட்டிடத்துக்குள் வைத்து, போனில் ஊராரை ஏமாற்றச் சொல்லி வேலை வாங்கியிருக்கிறார்கள். மெலிந்து வந்தான். ஆனால் வந்தான். இன்று அப்பாவின் வள்ளத்தில் போகிறான், கன்னம் வைத்துவிட்டது.

என் மகனின் பாஸ்போர்ட்டை மீட்டது யார் என்று கேட்பீர்கள். நான்தான், அதில் சந்தேகம் வேண்டாம். மறுநாள் காலை, லோடு இறக்குகிற என் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கொட்டாரம் மாடி ஏறினேன். இன்னும் ஐந்து பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறேன் மக்கா, மற்றவர்களுடைய பாஸ்போர்ட் எல்லாம் எப்படி இருக்கிறது, ஒருதடவை காட்டு என்றேன். ஆசையில் மேஜையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட கட்டையே எடுத்து வைத்தான். கட்டோடு எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவன் அப்பா அப்பா என்று எழுந்தான். கதவில் என் ஆட்கள் இரண்டு பேரும் நின்றார்கள். இருபது கிலோ கல்லை ஒற்றைக் கையில் தூக்குகிறவர்கள். நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போய் மேஜையில் வைத்தேன். போலீஸ் வருவதற்குள் அவன் பின்படி வழியாக இறங்கிவிட்டான், பிளக்ஸ் மட்டும் அகப்பட்டது. ஆனால் அந்தக் கட்டில் பாஸ்போர்ட் இருந்த பிள்ளைகள் எல்லாம் எங்கேயும் போகாமல் அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். பெரிய படிப்புப் படித்தவன் எவனுக்கு இந்த யோசனை வரும்?

அக்காவிடம் போய் இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "கொள்ளாம்," என்றார். நல்லது என்பதற்கு எங்கள் சொல் அது. அவர் வாயிலிருந்து அதற்கு மேல் யாரும் வாங்கியதில்லை.

அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையைக் கேட்டாலும் நடுக்கம். கோயம்புத்தூரில் பம்புசெட் செய்கிற கம்பெனி ஒன்று இளையவனைக் கூப்பிட்டது. இரண்டு தடவை நேரில் வரச் சொன்னார்கள். ஒரு மோட்டாரைக் கொடுத்துப் பிரித்துப் பூட்டச் சொன்னார்கள். சம்பளம் சுமார், வேலைக்கு வா என்று சொன்ன தாளும் சாதாரணத் தாள். எங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை. எனக்கு அதுவே சந்தேகம். ஒன்றும் கேட்காதவன் என்ன கம்பெனி, போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இளையவன் என்னிடம் வாதாடவில்லை, அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்.

கோயம்புத்தூருக்கு வாக்கப்பட்டுப் போன எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி உண்டு. அந்தக் கல்யாணத்துக்கும் அக்காதான் விசாரணை. அவளுக்குப் போன் போட்டு, அவள் வீட்டுக்காரனை ஷிப்ட் விடுகிற நேரத்தில் அந்தக் கம்பெனி வாசலுக்கு அனுப்பியிருக்கிறார். மறுநாள் என் வாசலில் குடை ஊன்றியது.

"பத்து மணிக்கு சாயா உண்டாம். பத்து வருசமா நிக்கிய ஆளுவ உண்டாம். அனுப்பு."

இன்னும் கொஞ்சம் யோசிக்கலாமே என்றேன்.

"விசாரிக்கியது வேண்டாம்ணு சொல்லதுக்குண்ணு நெனைச்சியா தம்பி? அதுக்கு எதுக்கு பஸ் ஏறி அலையணும், வீட்டுல இருந்தே சொல்லலாமே. வேணும்ணு சொல்லதுக்குத்தான் விசாரிக்கியது."

அனுப்பினேன். அவன் இப்போது அங்கே சூப்பர்வைசர்.

ஒரு வருஷம் கழித்து அவனுக்கு மார்த்தாண்டம் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கிறிஸ்துமஸ் லீவுக்கு அவன் வீட்டில் இருந்த நேரம். பெண்ணின் அத்தையும் மாமாவும் எங்களுக்குத் தெரியாமல் விசாரிக்க வந்து, தெருவில் நேராக யாரிடம் போனார்கள்? அக்காவிடம். நான் அப்போது அவர் மதிலுக்கு இந்தப் பக்கம், என் வீட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் நின்றிருந்தேன். என் கல்லில் கட்டிய மதில். சத்தம் அதற்குள் புகுந்து வராது, மேலே ஏறித்தான் வந்தது.

அந்த அத்தை நைசாகக் கேட்டார், பையன் ஏதோ வெளிநாட்டு வேலையில் ஏமாறப் பார்த்தான் என்று கேள்விப்பட்டோமே. அந்தக் கதை வெளியே போகக் கூடாது என்று எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருந்தேன். இந்தச் சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன்.

"உள்ளதுதான்," என்றார் அக்கா. "பெட்டி கட்டிட்டான். போவண்டாம்ணு சொன்னதும் ஏன்னு கேட்டான். சொன்னோம். பெட்டியை அவுத்துட்டான். சொன்னா கேட்டு நிக்கிய பய."

அப்பா எப்படி என்றார் மாமா.

"வாயை மூட மாட்டான். பொழுது விடிஞ்சா அவனுக்க பெருமைதான்." நான் மதிலைப் பிடித்துக்கொண்டேன். "ஆனா தொழிலாளிக்கு பத்து மணிச் சாயா ஒருநாளும் முடங்கினதில்ல."

அப்படியானால் பெண் கொடுக்கலாமா என்று கேட்டார்கள்.

"அது நான் சொல்லக்கூடிய காரியமில்ல. அந்தா தெரியுதுல்லா வீடு, நீங்களே போய்க் கொஞ்சம் வெள்ளம் கேளுங்க."

இந்த வயதில் நான் அப்படி ஓடியதில்லை. பின்பக்கமாக வீட்டுக்குள் புகுந்து, வீட்டுக்காரியிடம் வெள்ளித் தம்ளரை எடு என்றேன். எதற்கு என்று அவள் கேட்க, சொல்ல நேரமில்லை என்று நானே அலமாரியைக் குடைந்து எடுத்தேன். கறுத்துக் கிடந்தது. வேட்டி முனையால் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் குரல் கேட்டுவிட்டது.

தம்ளரோடு முன்வாசலுக்கு ஓடினேன். இளையவன் கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தவன், கிரீஸ் கையை அரைகுறையாய்க் கழுவிவிட்டு, பக்கத்தில் கிடந்த எவர்சில்வர் செம்பில் மொண்டு கொடுத்திருந்தான். அந்த அத்தை குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவன், வந்தது யார் என்றுகூடத் தெரியாமல், "இன்னும் வேணுமா?" என்று கேட்டான்.

வெள்ளித் தம்ளர் என் கையிலேயே இருந்தது.